கறுப்பு கிளிசரின் 60 பேரல்: காய்ச்சி வடித்தால் போதுமா?

8 நவம்பர் 2025, கேள்வி

ஈரோடு பக்கம் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். ஓட்டல், பேக்கரிகளில் பொரித்து மிஞ்சும் எண்ணெயை வாங்கி பயோடீசல் செய்கிறோம். அடியில் தங்கும் கறுப்பு கிளிசரினை வாங்க ஆள் இல்லை. 60 பேரல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கிளிசரின் 290 டிகிரியில் கொதிக்கும் என்று படித்தேன். ஒரு ஸ்டீல் கெட்டில், கீழே பர்னர், மேலே கண்டென்சர். காய்ச்சி வடித்தால் தண்ணி மாதிரி இறங்கும், மருந்துக் கம்பெனிக்கே விற்றுவிடலாம் என்பது என் கணக்கு. பட்ஜெட் எட்டு லட்சம். கணக்கு சரிதானா என்று அனுபவம் உள்ள அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

8 நவம்பர், இரவு 10.40, பதில்

சரியில்லை தம்பி. பர்னரை மட்டும் பற்றவைத்துவிடாதீர்கள். மீதி காலையில்.

9 நவம்பர், காலை

நேற்று பதறியதற்குக் காரணம் கிளிசரின் இல்லை, அதற்குள் ஒளிந்திருக்கும் மெத்தனால். பயோடீசல் வினை முழுதாக முடிய வேண்டும் என்று கணக்குக்கு இரண்டு மடங்கு மெத்தனாலை எல்லோரும் ஊற்றுகிறோம். மிஞ்சுவதில் பெரும்பங்கு கிளிசரினோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அது 65 டிகிரியிலேயே ஆவியாகிற சரக்கு. உங்கள் கெட்டிலில் முதலில் கிளம்புவது அதுதான், கீழே பர்னர் எரிந்துகொண்டிருக்கும். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பற்றிக்கொண்டது என்பதைச் சட்டை கருகும்போதுதான் தெரிந்துகொள்வீர்கள்.

அதில் தப்பித்தாலும் அடுத்தது சோப்பு. பொரித்த எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலமும் நீங்கள் போடும் காரமும் சேர்ந்தால் சோப்புதானே. சோப்புக் கரைசலைக் கொதிக்கவைத்தால் என்ன ஆகும்? அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போன கதைதான். நுரை பொங்கி கண்டென்சர் வழியாக அந்தப் பக்கம் இறங்கும்.

மூன்றாவது, அந்த 290. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும், ஆனால் திறந்த காற்றழுத்தத்தில் அவ்வளவு சூடு ஏற்றினால் கிளிசரின் கொதிக்கிற கையோடு சிதையவும் செய்யும். எண்ணெய்ச் சட்டி கருகினால் கண்ணைக் கரிக்கும் புகை வருமே, அதுதான் அக்ரோலின். கிளிசரின் சிதைந்தாலும் அதே சரக்கு. அதனால்தான் ஆலைகளில் வாக்யூம் இழுத்து 10 மில்லிபார் அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே 160 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும்.

9 நவம்பர், மாலை

"நீங்கள் யார், எப்படித் தெரியும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். முதலில் நம்மூர் சோப்பு ஆலை ஒன்றில் நான்கு வருஷம், அப்புறம் மலேசியாவில் ஜொகூர் பக்கம் பாசிர் கூடாங்கில் ஏழு வருஷம், கிளிசரின் பிளான்டில் ஷிஃப்ட் ஆள். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். பாசிர் கூடாங் துறைமுகத்தைச் சுற்றி எங்கே திரும்பினாலும் பாமாயில் டேங்குதான். இப்போது ஊரில் தென்னை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, பெரிய கெட்டிலை மறந்துவிட்டு முதலில் ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுங்கள். வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு அரை லிட்டர் கறுப்புச் சரக்கை ஊற்றி, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகி மேலே வந்துவிடும். ஒரு ராத்திரி அசைக்காமல் விட்டுவிட்டு என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

10 நவம்பர்

திருத்தம். நேற்று அவசரத்தில் ஹைட்ரோகுளோரிக் என்று எழுதிவிட்டேன். நீங்கள் போடும் காரம் எது என்று கேட்காமலே சொன்னது என் தப்பு. காஸ்டிக் சோடாவா, பொட்டாஷா? பொட்டாஷ் என்றால் பாஸ்போரிக் ஆசிட் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அடியில் விழும் உப்பு பொட்டாசியம் பாஸ்பேட், உரம். தோட்டத்துக்குப் போடலாம். ஹைட்ரோகுளோரிக் போட்டால் குளோரைடு உப்பு வரும். அதைச் சூடாக்கினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரிக்கும். 304 ஸ்டீலில் கெட்டில் செய்துவிட்டு, வெல்டு ஓரமாக ஊசிமுனை ஓட்டைகள் விழுந்ததும் ஃபேப்ரிகேட்டரைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

12 நவம்பர்

தம்பி, உங்கள் பாட்டில் படம் பார்த்தேன். பொட்டாஷ்தான் என்கிறீர்கள், பாஸ்போரிக் போட்டிருக்கிறீர்கள், மூன்று அடுக்கு அழகாகப் பிரிந்திருக்கிறது. மேலே காப்பிக் கஷாய நிறத்தில் நிற்பது கொழுப்பு அமிலமும் கொஞ்சம் பயோடீசலும். நடுவில் தேன் நிறத்தில் இருப்பது கிளிசரின், மெத்தனாலும் தண்ணீரும் கலந்தபடி. அடியில் ஈர ரவை மாதிரி உட்கார்ந்திருப்பது உப்பு.

அந்த நடு அடுக்கைப் பார்த்து நீங்கள் துள்ளுவது புரிகிறது. நானும் முதன்முதலில் பார்த்தபோது பாதி வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு வகையில் முடிந்ததுதான். சுத்திகரிப்பு என்றதும் எல்லோருக்கும் சரக்கைக் காய்ச்சி வடிக்கும், வானத்தைத் தொடும் டவர்தான் ஞாபகம் வருகிறது. டவர் ஒழுங்காக ஓடுவது, அதற்குள் எதை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. சோப்பும் உப்பும் கொழுப்பும் நீங்காமல் சரக்கு உள்ளே போனால் எந்த டவரும் காப்பாற்றாது. எங்கள் ஷிஃப்டில் பத்துக்கு எட்டு பிரச்சினை டவருக்கு முந்தைய கட்டத்தில்தான் பிறந்தது.

அடுத்து நடு அடுக்கைத் தனியாக எடுத்துக் காரம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகுதான் மெத்தனாலை இழுப்பது, அதுவும் மூடிய பாத்திரத்தில், வெந்நீர் ஜாக்கெட் சூட்டில், கண்டென்சரோடு. இந்த வரிசையை மாற்றினால் மறுபடி நுரைதான்.

12 நவம்பர், இரவு

தூக்கம் வரவில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு ராத்திரி ஷிஃப்ட் ஞாபகம் வந்துவிட்டது.

மணி இரண்டரை இருக்கும். கேன்டீனில் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு வந்து பேனல் முன்னால் உட்கார்ந்தேன். வாக்யூம் எட்டு மில்லிபாரிலிருந்து பதினைந்து, பிறகு இருபத்திரண்டு என்று ஏறிக்கொண்டிருக்கிறது, அதாவது வாக்யூம் விழுகிறது. சரக்கு வடிவது குறைகிறது. குறைகிறதே என்று, சூடேற்றும் எண்ணெயான தெர்மிக் ஃப்ளூயிட் சூட்டைக் கூட்டினேன். இன்னும் குறைந்தது. இன்னும் கூட்டினேன். கால் மணி நேரத்தில் பம்பு இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு வாடை வந்தது. முதலில் மூக்கு, அப்புறம் கண். நான்கு பேரும் கண்ணீர் வழிய வெளியே ஓடினோம். கூட இருந்த கிள்ளான்காரர் முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சினிமாவுல கிளிசரின் போட்டு அழுவாங்க, நம்மள கிளிசரினே அழ வச்சிருச்சு அண்ணே."

டவரை ஆறவிட்டுத் திறந்தால் அடியில் கம்பங்களி மாதிரி ஒரு கறுப்புக் கட்டி. கிளிசரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாலிகிளிசரின் ஆகிவிட்டது, அதற்குள் உப்பு புதைந்திருந்தது. வெந்நீர் விட்டுக் கரைத்து எடுக்க இரண்டு நாள் போனது. வாக்யூம் பம்புதான் கெட்டிருந்தது, வேறென்ன.

13 நவம்பர்

எம்ஓஎன்ஜி என்றால் என்ன என்று கேட்டவருக்கு: கிளிசரின் அல்லாத கரிமப் பொருள். லேப் ரிப்போர்ட்டில் அதற்கென்று ஒரு எண் இருக்கும், ஆனால் அதை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். கிளிசரின் இத்தனை சதம், தண்ணீர் இத்தனை, சாம்பல் (எரித்தால் மிஞ்சும் உப்பு) இத்தனை என்று அளந்து கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது அது. மாசக் கடைசியில் வீட்டுக் கணக்கில் "இதர செலவு" என்று எழுதுகிறோமே, அதே மாதிரி. சோப்பு, கொழுப்பு அமிலம், உடையாத எண்ணெய், பாலிகிளிசரின், பொரித்த வடையின் ஆவி, எல்லாம் அதற்குள் அடக்கம். மற்ற மூன்றில் எதை அளப்பதில் தப்பு வந்தாலும் அதுவும் இதிலேயே போய் விழும்.

15 நவம்பர்

"சோப்பு ஆலையில் கிளிசரின் எப்படி?" என்று வேதியியல் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். மேடம், அது தனிக் கதை. எண்ணெயில் காஸ்டிக் போட்டு சோப்பு காய்ச்சி முடித்ததும் உப்பைக் கொட்டுவோம். சோப்பு திரண்டு மேலே வரும், கீழே நிற்கும் தண்ணீருக்கு ஸ்பென்ட் லை என்று பெயர். அதில் கிளிசரின் நூற்றுக்குப் பத்து இருந்தால் பெரிது, கிட்டத்தட்ட அதே அளவு உப்பு. ஃபெரிக் குளோரைடு போட்டு அழுக்கைத் திரட்டி ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து, பிறகு எவாப்பரேட்டரில் தண்ணீரை விரட்டினால் உப்பு தானாகப் படியும். அந்த உப்பைக் கழுவி மறுபடி சோப்புச் சட்டியில் போடுவோம். ஒரே உப்பு எத்தனை சுற்று வந்ததோ! அங்கே இருந்த மேஸ்திரி ஒருவர், "இது இந்த ஆலையிலேயே சர்வீஸ் அதிகமான ஸ்டாஃப்" என்பார்.

கொழுப்பை அழுத்தச் சூட்டில் தண்ணீரால் பிளக்கும் ஆலைகளில் வருவது ஸ்வீட் வாட்டர், கிளிசரின் கலந்த தண்ணீர். உப்பே கிடையாது என்று சொல்லலாம். அதை ரெசின் (உப்பைப் பிடித்துக்கொள்ளும் சின்ன மணிகள்) வழியாக விட்டே நிறைய சுத்தம் செய்துவிடலாம். தம்பியும் யாரோ சொன்னார்கள் என்று ரெசின் பற்றி விசாரித்திருந்தார். உங்கள் சரக்கில் உப்பு சதக் கணக்கில் இருக்கிறது. ரெசின் அரை மணியில் நிரம்பிவிடும், பிறகு அதைக் கழுவவே ஆசிட்டும் காஸ்டிக்கும் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்வீட் வாட்டர் என்ற பெயருக்கு ஏற்றபடி கிளிசரின் இனிப்புதான். 1779-ல் ஸ்வீடனில் ஷீலே என்ற மருந்துக்கடைக்காரர் ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு காய்ச்சியபோது இந்த இனிப்பைக் கண்டார். எது கிடைத்தாலும் நக்கிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. தம்பி, உங்கள் பேரலில் அந்தச் சோதனை வேண்டாம், மெத்தனால் இருக்கிறது.

16 நவம்பர்

12-ஆம் தேதி ராத்திரி எழுதியதைத் திரும்பப் படித்தேன். பம்பு கெட்டது என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். அது உண்மை இல்லை. பம்பைப் பிரித்துப் பார்த்தார்கள், நன்றாகத்தான் இருந்தது.

நடந்தது இது. டவருக்குப் போகும் சரக்கைச் சிறிது காரப் பக்கமாக வைப்பார்கள், மிச்சசொச்சக் கொழுப்பு அமிலம் சோப்பாகி அடியிலேயே தங்கட்டும், கிளிசரினோடு ஏறி வராமல் இருக்கட்டும் என்று. அந்தச் சிறிது எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். பிஎச் பார்க்கும்போது சாம்பிளை ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கித்தான் காகிதத்தை நனைக்க வேண்டும். நான் அவசரத்தில் நேராகக் கெட்டிச் சரக்கிலேயே நனைத்தேன். காகிதம் நிறமே மாறவில்லை. போதவில்லை போலிருக்கிறது என்று காஸ்டிக்கை இன்னும் விட்டேன்.

காரம் கூடினால் சூட்டில் கிளிசரின் பின்னிக்கொள்ள ஆரம்பிக்கும். ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று வரும். அந்த நீராவி முழுவதும் வாக்யூமின் தலையில்தான் விழும். ஆக, வாக்யூம் விழுந்ததால் சரக்கு கெடவில்லை, சரக்கு கெட்டதால் வாக்யூம் விழுந்தது. அதன் மேல் நான் சூட்டையும் கூட்டினேன். அந்தக் கிள்ளான்காரருக்கு அப்போதே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். லாக் புக்கில் நான் எழுதியிருந்த பிஎச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி, உங்கள் பாட்டில் சோதனையிலும் தண்ணீர் கலந்துதானே பிஎச் பார்த்தீர்கள்?

17 நவம்பர்

பார்க்கவில்லையாம். மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

19 நவம்பர்

மருந்துக் கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். "கிளிசரின் கலந்த இருமல் மருந்தால்தானே குழந்தைகள் இறந்தன, பயோடீசல் கிளிசரினில் அந்த விஷம் இருக்கிறது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டும் குழப்பம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் குழந்தைகளைக் கொன்ற மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதம் இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை சொன்னது. எண்ணெயிலிருந்து கிளிசரின் எடுக்கும் எந்தக் கட்டத்திலும் அது உண்டாகாது. அது பெட்ரோகெமிக்கல் சரக்கு. வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு.

ஆனால் கிளிசரினுக்கும் இந்தப் பாவத்தில் பழைய தொடர்பு இருக்கிறது. 1986-ல் மும்பையில் அரசு மருத்துவமனை ஒன்றில் 14 பேர் இறந்தது, கொடுக்கப்பட்ட கிளிசரினில் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததால். 2006-ல் பனாமாவில் நடந்ததும் அதே மாதிரி. சீனாவில் கிளம்பிய சரக்கு ஸ்பெயின் வியாபாரி கை மாறி, கிளிசரின் என்ற பெயரோடு போய் இருமல் மருந்தில் கலந்தது. கிளிசரின், டைஎத்திலீன் கிளைக்கால் இரண்டுமே நிறமற்றது, கொழகொழப்பு, இனிப்பு. லேபிளைத் தவிர கண்ணுக்கு வித்தியாசம் கிடையாது. அதன் பிறகுதான் அமெரிக்காவில் 2007-ல், ஒவ்வொரு கிளிசரின் லாட்டையும் மருந்தில் சேர்ப்பதற்கு முன் இந்த விஷத்துக்காகச் சோதியுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். வரம்பு 0.10 சதம்.

ஆகவே மருந்து தரம் என்பது 99.5 என்ற எண் மட்டும் இல்லை. இந்த எண்ணெய் எங்கே பிறந்தது, எந்த டேங்கில் கிடந்தது, எந்த லாரியில் வந்தது என்று ஒரு ஜாதகமே கேட்பார்கள். பாசிர் கூடாங்கில் ஹலால் சரக்குக்குத் தனி டேங்கு, தனி பைப், தனி பம்பு. ஓட்டல் எண்ணெயில் மீன் பொரித்தார்களா, கோழி பொரித்தார்களா என்று உங்களால் எழுதிக் கொடுக்க முடியுமா? எத்தனை முறை வடித்தாலும் அந்த ஜாதகம் மாறாது.

அந்த 60 பேரல் எங்கே வாங்கியது, முன்பு அதில் என்ன இருந்தது?

20 நவம்பர்

பகுத்தறிவு மேடைகளில் மந்திரத்தால் ஹோமத் தீ வரவைப்பதைச் செய்து காட்டுவார்களே, அது இதுதானே என்று கேட்டவருக்கு: ஆம். குண்டத்தில் பொட்டாசியம் பர்மாங்கனேட், நெய் என்று ஊற்றுவது கிளிசரின். ஸ்டோரில் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், சாமி தானாக வந்துவிடும்.

23 நவம்பர்

எட்டு லட்சத்துக்கு வருகிறேன். முழு சுத்திகரிப்பு என்றால் வாக்யூம் சிஸ்டம், டவர், கண்டென்சர் வரிசை, கடைசியில் நிறம் எடுக்க ஆக்டிவேட்டட் கார்பன் பெட்டி, லேப். இந்தத் தொகைக்கு வாக்யூம் சிஸ்டமே வந்து சேராது. நான் இருந்த பிளான்டில் உங்கள் 60 பேரல் ஒரு ஷிஃப்டுக்குக்கூடக் காணாது. அந்த அளவில் ஓட்டியும் சில மாதம் கையைக் கடித்தது. ஏனென்றால் இந்தச் சந்தையில் கிளிசரினுக்காகக் கிளிசரின் செய்பவர் யாரும் இல்லை. டீசலும் சோப்பும் ஓடினால் இதுவும் வந்து குவியும், வேண்டாம் என்றாலும் குவியும். இந்தோனேசியா டீசலில் பாமாயில் பங்கை 30, 35, 40 சதம் என்று ஏற்றிக்கொண்டே போகும்போது அங்கே தேங்கும் கிளிசரினும் கூடத்தானே ஏறும்.

முன்பெல்லாம் புரோப்பிலீன் என்ற பெட்ரோகெமிக்கல் வாயுவிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் என்ற ரசாயனம் செய்து, அதிலிருந்து கிளிசரின் செய்தார்கள். பயோடீசல் பெருகியதும் டவ் கம்பெனி 2006-ல் டெக்சாஸில் அந்த ஆலையை மூடியது. கொஞ்ச வருஷத்தில் தாய்லாந்தில் மாப் தா புட்டில் சோல்வே கம்பெனி கிளிசரினிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் செய்ய வருஷத்துக்கு ஒரு லட்சம் டன் ஆலையை 2012-ல் ஓட்ட ஆரம்பித்தது. மாமியார் மருமகளாகி, மருமகள் மாமியாரான கதை.

உங்களுக்கு என் யோசனை: ஆசிட் பிரிப்பு, நடுநிலை, மெத்தனால் மீட்பு. இந்த மூன்றோடு நிறுத்துங்கள். மீட்ட மெத்தனாலைத் தண்ணீர் நீக்கி மறுபடி வினைக்கே போடலாம், மேலே வந்த கொழுப்பு அமிலத்தை விற்கலாம், உப்பு உரத்துக்கு. 80 சதக் கிளிசரினைப் பெரிய சுத்திகரிப்பு ஆலைக்குக் கொடுத்துவிடுங்கள். டன்னுக்கு 700, 750 கிலோ சுத்தக் கிளிசரின் அவர்கள் வடித்தெடுப்பார்கள். அடியில் மிஞ்சும் பிட்ச் என்ற கறுப்புக் கசடும் அவர்கள் தலைவலி. அதைச் சின்னதாக நினைக்க வேண்டாம், மலேசியாவில் அதை அபாயக் கழிவுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டி, நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூடினார்கள். அதற்கும் கிளிசரினுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் சாயங்காலம் கழிவு லாரி கிளம்பும்போது கேட்டில் நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததுதான்.

24 நவம்பர்

"அண்ணா ஆர்வத்தைக் கெடுக்கிறார்" என்று ஒருவர். இருக்கலாம். பாட்டிலில் அந்தத் தேன் நிறம் பிரியும்போது எனக்கும் ஆர்வமாகத்தான் இருந்தது.

2 டிசம்பர்

தம்பி லேப் ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறார். கிளிசரின் 78.6, தண்ணீர் 11.2, சாம்பல் 5.9, எம்ஓஎன்ஜி 4.3. கூட்டினால் நூறு, எப்படிக் கூடாமல் போகும், கடைசி எண்ணே கழித்து வந்ததுதானே. கொழுப்பு இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கிறது. பிரிப்பை ஒரு ராத்திரிக்குப் பதில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சூடாக, 60 டிகிரிக்குக் கீழே, மூடி வைத்தால் இன்னும் தெளிவாகப் பிரியும்.

சுத்திகரிப்பு ஆலை ஒன்று 20 பேரல் மாதிரிக்கு எடுக்கச் சம்மதித்திருக்கிறதாம். நல்லது. அவர்களும் முதலில் கேட்டது சதத்தை இல்லையாம். பேரலில் முன்பு என்ன இருந்தது என்றுதானாம். 40 பேரலுக்கு பில் இருக்கிறது, பாமாயில் வந்த பேரல். மீதி 20, பழைய இரும்புக் கடையில் வாங்கியது, லேபிள் சுரண்டியிருக்கிறது என்கிறார்.

அந்த இருபதைத் தனியாகத் தள்ளி வையுங்கள் தம்பி. அதில் இருப்பதை மற்றதோடு கலக்க வேண்டாம்.